தண்ணீர் வரும் தேதியும் நெல்லின் கணக்கும்

மேலூர் பக்கத்தில் உங்கள் அப்பா மூன்று ஏக்கரில் இன்னும் நெல்தான் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரில் வேலையில் இருக்கிறீர்கள். பருவநிலை மாற்றத்தால் நெல் விளைச்சல் குறையும் என்று படித்துவிட்டு, "இனி நெல் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லலாமா?" என்று கேட்கிறீர்கள். அதற்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது: "மூட்டைக் கணக்கில் பெரிய குறைவு இல்லை, ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை." அப்படியானால் நீங்கள் உண்மையில் கேட்பது, விளைச்சல் கொஞ்சம் சரியும்போது வருமானம் ஏன் இவ்வளவு சரிகிறது என்பதைத்தான். இது தெளிந்தால் நெல்லை விடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் கழிந்தது. இப்போது சோழவந்தான் அருகே சொந்த வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது பயிரியல், வானிலை அல்ல. அதனால் வயலில் கண்டவற்றை உறுதியாகச் சொல்வேன். வானத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்களே தயங்கும் இடங்களில் நானும் தயங்கியே சொல்வேன்.

மதுரை மாவட்டத்து நெல் இரண்டு மழைகளை நம்பி நிற்கிறது. அவற்றில் ஒன்று மதுரையில் பெய்வதே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு மலைக்கு அப்பால் பெய்யும் தென்மேற்குப் பருவமழை பெரியாற்றில் சேர்கிறது. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை அந்த நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிடுகிறது. அது கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, 71 அடி கொள்ளும் வைகை அணைக்கு வந்து, அங்கிருந்து வைகையின் குறுக்கே உள்ள பேரணை என்னும் தடுப்பணை வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாயில் இறங்குகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியும் திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் சேர்ந்து ஒருபோகம், 1,05,002 ஏக்கர். இருபோகத்துக்கு ஜூன் தொடக்கத்திலும் ஒருபோகத்துக்கு செப்டம்பர் 15-ஐ ஒட்டியும் தண்ணீர் திறக்க வேண்டும் என்பது முறை. இரண்டாவது மழை நம் தலைமேல் பெய்வது. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையில் பாதிக்குப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையாக வருகிறது. கண்மாய்களும் கிணறுகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் அப்பாவின் நிலம் ஒருபோகப் பாசனத்தில் இருப்பதால், கேரளத்து மலையில் பெய்ததை வைத்து நடவு நட்டு, நம் ஊரில் பெய்வதை வைத்துக் கதிர் வாங்குகிறார். இரண்டில் எது பிசகினாலும் அடி அவருக்குத்தான்.

பிசகுவது என்றால் மழை அளவு குறைவதை மட்டும் நினைக்காதீர்கள். நான் பணியில் இருந்த காலத்தில் அதிக நெல்லைக் கெடுத்தது தேதி. செப்டம்பர் நடுவில் கால்வாய் திறந்தால், அதற்குள் பாவிய நாற்று இருபத்தைந்து நாள் வயதில் வயலுக்குப் போகும். டிசம்பரில் பூக்கும், தைப் பொங்கலை ஒட்டி அறுப்பு வரும். 45 நாட்கள் முழுமையாகவும் 75 நாட்கள் முறை வைத்து விட்டுவிட்டும் கொடுக்கும் 120 நாள் தண்ணீர் அதற்குச் சரியாக இருக்கும். கால்வாய் ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? ஒருமுறை மேலூருக்குக் கிழக்கே ஒரு நாற்றங்காலில் முடிக்கட்டைப் பிரித்துக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாற்று ஐம்பது நாளைத் தாண்டியிருந்தது. அடித்தண்டில் கணு விட்டு, விரலுக்கு இடையில் வைத்து மடக்கினால் ஒடிந்தது. நட வந்திருந்த அம்மா ஒருவர், "இதை நட்டால் கோலை ஊன்றியதுபோல் நிற்கும், தூர் கட்டாது" என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. தூர் என்னும் பக்கத் தண்டு இருபது கட்ட வேண்டிய குத்து எட்டில் நின்றது. அந்த ஆண்டு மொத்த மழை மோசமில்லை. மழைப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வயல் ஏன் தோற்றது என்று தெரியவே தெரியாது.

மூன்று ஆண்டுகளை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. உழவுக்கும் நாற்றுக்கும் போட்ட காசில் ஒரு பகுதிதான் அது. கண்மாய்க்குள் வண்டித்தடம் விழுந்து கிடந்த ஆண்டு. வைக்கோல் இல்லாமல் கறவை மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போனவர்களை வழியில் நிறுத்திப் பேசக்கூட எனக்கு வாய் வரவில்லை. 2018 ஆகஸ்டில் நேர்மாறு. கேரளத்தில் பெருவெள்ளம், பெரியாறு அணை உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடியைத் தொட்டது. சுரங்கம் தன் அளவுக்குத்தான் தண்ணீர் எடுக்கும், மீதியைக் கேரளப் பக்கமே திறந்துவிட வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் பரவலாக வர வேண்டிய மழை சில நாளில் கொட்டினால், அணை இருந்தும் அந்தத் தண்ணீர் நமக்கு ஆகாது. மூன்றாவது 2021 ஜனவரி. அறுப்புக்கு நின்ற நெல்லின்மேல் பொங்கல் நேரத்தில் பல நாள் விடாத மழை. ஜனவரியில் தமிழகத்தில் பெய்யக்கூடியதைப்போல் பல மடங்கு பெய்தது. சாய்ந்த கதிரைத் தூக்கிப் பார்த்தால், மணி கதிரிலேயே வெள்ளை முளை விட்டிருந்தது. கடன் வாங்கி விளைவித்து, களத்துக்குக் கொண்டுபோகும் நாளில் போன நெல் அது.

இவையெல்லாம் பருவநிலை மாற்றத்தால்தானா என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் உறுதியையும் ஐயத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். காற்று சூடானால் அது தாங்கும் ஈரம் கூடும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. இது இயற்பியல், இதில் சந்தேகமே இல்லை. அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது கூடும் என்பதும் உறுதி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்தோம். ஆனால் அந்த ஒரு மழையோ 2021 ஜனவரி மழையோ இதனால் மட்டுமே வந்தது என்று விரல் நீட்டிச் சொல்லிவிட முடியாது. வடகிழக்குப் பருவமழையின் மொத்த அளவு இனி கூடுமா குறையுமா என்பதிலும் ஒருமித்த பதில் இல்லை. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை தளர்வதும் வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் பொதுவான போக்கு. 2023-இல் கேரளத்தில் தென்மேற்கு மழை 34 விழுக்காடு குறைந்தது அந்தப் போக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் இதன் மறுபக்கமான, அந்தக் கடல் குளிரும் லா நினா ஆண்டில் வடகிழக்கு மழை தளர வேண்டும் என்று பார்த்தால், 2021-இல் இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது. ஆகவே "அடுத்த பத்தாண்டில் மேலூரில் மழை இவ்வளவு குறையும்" என்று யாராவது திட்டமாகச் சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாள் தவறும், ஒரே நேரத்தில் கொட்டும், ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இருக்கும் என்று வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு.

வெப்பத்தைப் பற்றிய செய்திகளில்தான் நீங்கள் முதலில் பயந்திருப்பீர்கள். நெல் பூக்கும் நாளில், பூ விரியும் அந்த ஓரிரு மணி நேரத்தில், சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து மணி பிடிக்காமல் போகிறது. இது ஐயமற நிறுவப்பட்டது. மேலூர் ஒருபோக நெல் டிசம்பரில் பூப்பதால் இந்த ஆபத்து அதற்கு இப்போதைக்கு மிகக் குறைவு. இருபோகப் பகுதியின் முதல் போகம் ஆகஸ்டு, செப்டம்பரில் பூக்கிறது. மதுரையில் அப்போது பகல் உச்சம் 36 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் நெல் முற்பகலிலேயே பூத்து முடித்துக்கொள்கிறது, உச்ச வெயில் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த இடைவெளியில்தான் முதல் போகம் இன்று தப்பித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடினால் அந்த இடைவெளி சுருங்கும்.

தப்பாத பயிரையும் பார்த்திருக்கிறேன். வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றை நம்பிக் கோடை நெல் போட்டிருந்த ஒருவர் மே மாதத்தில் என்னை அழைத்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் வயல் பச்சையாக, அழகாக இருந்தது. பக்கத்தில் போனதும் எனக்கு வயிறு கலங்கியது. பூத்து இருபது நாளாகியும் கதிர்கள் வளையாமல் நட்டுக்குத்தாக நின்றன. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன். பால் இல்லை, மாவு இல்லை, உமி மட்டும் நொறுங்கியது. பத்தில் ஆறு மணி பதர். பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. அவர் பூச்சிமருந்துக்கு இரண்டு முறை செலவு செய்திருந்தார். பூத்த நாட்களின் வெயில்தான் காரணம் என்று நான் சொன்னபோது, "வெயிலுக்கு எந்த மருந்தை அடிப்பது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

பகல் வெயிலைவிட மேலூருக்குப் பொருந்தும் ஆபத்து இரவுப் புழுக்கம். பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தை இரவில் பயிர் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனப் பண்ணையில் 1992 முதல் 2003 வரையிலான விளைச்சல் பதிவுகளை வைத்து, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைகிறது என்று 2004-இல் வெளியிட்டார்கள். உலக அளவில் சராசரி வெப்பத்தை வைத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு ஒரு டிகிரிக்கு 3.2 விழுக்காடு என்கிறது. இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதைக் கவனியுங்கள். திசை உறுதி, அளவு இடத்துக்கு இடம் மாறும். இன்னொன்று, மணி முற்றும்போது சூடு அதிகமாக இருந்தால் அரிசியின் நடுவில் வெள்ளை படிந்து, ஆலையில் உடைந்து நொய் கூடும். எடை குறையாமலே விலை குறைவது இப்படித்தான். காற்றில் கரியமில வாயு கூடுவதால் நெல் நன்றாக வளரும் என்று சிலர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அப்படி விளையும் அரிசியில் புரதமும் துத்தநாகமும் இரும்பும் குறைகின்றன. அந்த ஆதாயத்தை நம்பி நாம் எதையும் செய்ய முடியாது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு, கையில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு வருகிறேன். ஒரு ஏக்கரைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நல்ல ஆண்டில் 22 குவிண்டால். தமிழக அரசின் ஊக்கத்தொகையோடு 2025-26-இல் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். வரவு 55,000. உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுப்பு எல்லாம் சேர்த்துச் செலவு 32,000 என்று கொள்வோம். மிச்சம் 23,000. இப்போது பருவம் பிசகி விளைச்சல் 15 விழுக்காடு குறைகிறது. 18.7 குவிண்டால், வரவு 46,750. செலவு அதே 32,000, ஏனென்றால் கதிர் வருவதற்கு முன்பே பெரும்பகுதியைச் செலவழித்தாகிவிட்டது. மிச்சம் 14,750. விளைச்சல் 15 விழுக்காடு இறங்கினால் வருமானம் 36 விழுக்காடு இறங்குகிறது. அறுப்பு நேரத்தில் மழையும் சேர்ந்தால், டயர் வண்டி வயலில் இறங்காது. பெல்ட் போட்ட அறுவடை இயந்திரம்தான் வேண்டும். அதற்கு மணி வாடகையும் அதிகம், ஈர வயலில் நேரமும் அதிகம். செலவில் ஒரு 2,000 கூடட்டும். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். காயவைக்க வெயிலும் இல்லை, களமும் இல்லை. வியாபாரி 2,000 ரூபாய்க்குக் கேட்கிறார், கொடுத்துவிடுகிறோம். வரவு 37,400, செலவு 34,000, மிச்சம் 3,400. மூன்று ஏக்கரில் 69,000 நிற்க வேண்டிய இடத்தில் 10,200 நிற்கிறது. நனைந்த வைக்கோலை வாங்க ஆள் வராது, அந்த வரவும் போகும். மூட்டைக் கணக்கு பெரிதாகக் குறையவில்லை என்று நீங்கள் எழுதியது சரிதான். 22 எங்கே, 18.7 எங்கே, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த மூன்றே கால் குவிண்டாலும் அந்த ஈரமும்தான் உங்கள் அப்பாவின் ஆண்டு உழைப்பு.

இந்தக் கணக்கில் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதாமல் என்னால் இதை முடிக்க முடியாது. இருபோகப் பகுதியில் ஒரு முதல் போகம் நடக்காமல் போனால் என்ன இழப்பு? 45,041 ஏக்கருக்கு நடவுக்கு மட்டும் ஏக்கருக்குப் பன்னிரண்டு பேர் என்றாலும் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஆள்நாட்கள். பெரும்பாலும் பெண்கள். களையெடுப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் என்று ஒரு தொகையாவது வரும். நட வேண்டிய கைக்கு, நடாமல் போன நாளுக்கு, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. குத்தகைக்கும், விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கும் உழுபவர் நிலையும் இதேதான். கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் நில உடைமையாளர் பெயர் இருந்தால் நிவாரணம் அவர் கணக்குக்கே போகிறது, விதைத்தவர் கடனோடு நிற்கிறார். ஒரு வட்டாரத்தின் பண்ணை வருமானம் என்று பேசும்போது டீக்கடை, உரக்கடை, அரிசி ஆலை, சரக்கு வண்டி, அடகுக்கடை வரை இது பரவுவதை மேலூர்க் கடைவீதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2017 பொங்கலுக்குப் புதுத்துணிக் கடைகள் எப்படி இருந்தன என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். கட்டாயம் போடச் சொல்லுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி எனப்படும் குளிர்காலப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான், ஏக்கருக்குச் சில நூறு ரூபாய். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து போடுங்கள். உங்கள் வயலின் இழப்பை அது அளப்பதில்லை. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து அடித்து எடை போட்டு, கிராமத்தின் சராசரியைக் கணக்கிடுவார்கள். நூற்றுக்கணக்கான முறை அந்தக் கயிற்றை நானே பிடித்திருக்கிறேன். சராசரி தப்பித்துவிட்டால் தோற்ற வயலுக்குப் பணம் இல்லை. ஒப்பிடும் அளவும் கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியில் இருந்து எடுக்கப்படுகிறது. ஏழில் இரண்டு கெட்ட ஆண்டுகளை அது தள்ளிவிடும். மூன்று, நான்கு கெட்ட ஆண்டுகள் வந்தால் அந்த அளவே இறங்கிவிடும். பருவம் அடிக்கடி கெடும் காலத்துக்கு இந்த ஏற்பாடு போதாது என்பது என் உறுதியான கருத்து. அறுத்துப் போட்ட நெல் பதினான்கு நாளுக்குள் மழையில் நனைந்தால் தனி வயலுக்கு இழப்பீடு கேட்க வழி உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதைத் தெரியாமல் இழந்தவர்கள் ஏராளம். இதை நீங்கள் ஊருக்கு வெளியே இருந்தே கைபேசியில் செய்துகொடுக்கலாம்.

எல்லாப் பழியையும் வானத்தின்மேல் போடுவதும் நியாயமில்லை. வரத்துக்கால்வாய் அடைபட்டு, கரை கரைந்து, உள்ளே மண் மேவிய கண்மாய் ஒரு நாள் பெருமழையைப் பிடித்து வைக்காது. வயல் வீட்டுமனையாகி, வாய்க்கால் தெருவான இடத்தில் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. வைகையில் மணல் அள்ளியதும் கிணறுகள் கீழே போனதும் நம் கையால் நடந்தவை. மழை சீராகப் பெய்த காலத்தில் இந்தக் குறைகள் வெளியே தெரியவில்லை. கொட்டும் மழைக்கும் நீண்ட வறட்சிக்கும் இடையில் கண்மாய் ஒன்றுதான் நமக்குப் பெட்டகம். ஊரார் சேர்ந்து நீர்நிலையைச் சீரமைக்கும் குடிமராமத்தில் கரை உயர்த்திய இடங்களைவிட, மடையும், மிகை நீர் வெளியேறும் கலுங்கும், வரத்துக்காலும் சேர்த்துச் சரிசெய்த இடங்கள் நன்றாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அப்பாவிடம் என்ன சொல்லலாம்? நெல்லை விடச் சொல்லாதீர்கள். கால்வாய்த் தண்ணீர் நிற்கும் களிமண் வயலில் ஐப்பசி, கார்த்திகையில் வேறு பயிர் வேர் அழுகிப் போகும். நெல்தான் அந்த மாதங்களின் பயிர். விடச் சொல்ல வேண்டியது ஒரே ரகத்தை, ஒரே நாளில், மூன்று ஏக்கரிலும் போடும் பழக்கத்தை. அவர் ஆந்திரா பொன்னி மாதிரி 130 நாளைத் தாண்டும் சன்ன ரகத்தை விலைக்காகப் போடுகிறவராக இருந்தால், கால்வாய் செப்டம்பருக்குள் திறந்தால் மட்டும் அதைப் போடட்டும். அக்டோபர் நடுவைத் தாண்டினால் கோ 51 போன்ற 105, 110 நாள் ரகத்துக்கு மாறிவிட வேண்டும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் உருவான எம்.டி.யு. 6 போன்ற ரகங்களையும் கேட்டுப் பார்க்கலாம். நவம்பர் நடுவைத் தாண்டியும் தண்ணீர் இல்லை என்றால் நெல்லே வேண்டாம், இருக்கும் ஈரத்தில் உளுந்தோ பாசிப்பயறோ போடலாம். இது என் அனுபவக் கணக்கு, அரசாணை அல்ல. ஐந்து நாள் முன்பின் ஆகலாம். இதற்குக் குறுகிய கால விதை ஒரு மூட்டை வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டும். தண்ணீர் திறந்த பிறகு விதைக்கு அலைந்தால் அதிலேயே பத்து நாள் போய்விடும். நாற்றங்காலையும் கிணறு வைத்திருப்பவரோடு பேசி இரண்டு தவணையாகப் பாவலாம். ஒன்று முற்றிப்போனால் மற்றது கைகொடுக்கும். இரண்டாவது நாற்றங்கால் வீணாகும் ஆண்டுகளும் வரும். அந்தச் செலவு முற்றிய நாற்றை நடுவதால் வரும் இழப்பில் சிறு பகுதிதான்.

தண்ணீர் முறையைப் பற்றி ஒரு விஷயம். முறை வைத்துக் கொடுக்கத் தொடங்கியதும் வயலில் தண்ணீர் மறைந்தால் அப்பா பதறுவார். தூர் கட்டும் காலத்தில் பதற வேண்டியதில்லை. பக்கத்தில் ஓட்டை போட்ட ஒரு அடி நீளக் குழாயை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போகும் வரை காத்திருந்து பாய்ச்சினாலும் விளைச்சல் குறையாது. தண்ணீரில் கால் பங்கு வரை மிஞ்சும், மீத்தேன் வெளியேறுவதும் வெகுவாகக் குறையும். ஆனால் கதிர் தண்டுக்குள் உருண்டு நிற்கும் பொதிப் பருவத்தில் இருந்து பூத்து முடியும் வரை மட்டும் மண் காயக் கூடாது. அந்த மூன்று வாரத்துக்குத் தண்ணீர் கிடைக்க, மடைக்காரர்களோடும் பக்கத்து வயல்காரர்களோடும் முன்பே பேசி வைக்க வேண்டும். என் அனுபவத்தில் இதைச் செய்த ஊர்கள் வறட்சியிலும் அரைப் பங்கைக் காப்பாற்றின.

செலவைக் குறைக்கும் வழிகளும் பருவத்துக்கு எதிரான காப்புதான். மேலே போட்ட கணக்கில் செலவு 32,000 என்பது 27,000 ஆனால், 15 விழுக்காடு விளைச்சல் போன ஆண்டிலும் மிச்சம் 19,750 நிற்கும். திருந்திய நெல் சாகுபடியில் பதினான்கு நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றையாக நட்டால் விதை பல மடங்கு மிச்சமாகும், தூரும் அதிகம் கட்டும். ஆனால் இளநாற்றை நடத் தெரிந்த ஆட்களும் தண்ணீர் கட்டுப்பாடும் வேண்டும். பள்ளக்காலில், வெள்ளம் தேங்கும் வயலில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தழைச்சத்தை யூரியாவாக அள்ளிப் போடுவதைக் குறைப்பது எல்லா வயலுக்கும் பொருந்தும். மேகமூட்டமும் அதிக யூரியாவும் சேர்ந்த ஆண்டுகளில்தான் குலைநோயும் புகையான் பூச்சியும் வந்து, மருந்துச் செலவு ஏறி, மழைக்குப் பயிரும் சாய்கிறது.

மூன்று ஏக்கரில் மேடான அரை ஏக்கரை மட்டும் நெல்லில் இருந்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள். தீவனப்புல்லும் இரண்டு கறவை மாடும், அல்லது காய்கறி. உங்கள் பக்கம் மண்ணும் தண்ணீரும் ஒத்துவந்தால் மல்லிகை. இதில் கிடைப்பது பெரிய லாபம் இல்லை. ஆனால் தைக்குக் காத்திராமல் வாரா வாரம் கொஞ்சம் பணம் வரும். வியாபாரி 2,000 ரூபாய்க்குக் கேட்கும்போது, "நான்கு நாள் காயவைத்துக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறேன்" என்று சொல்லும் தெம்பு அந்த வாரப்பணத்தில் இருந்துதான் வரும். கூடவே நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய தார்ப்பாயும் காயவைக்க ஓர் இடமும் ஏற்பாடு செய்துகொண்டால், ஈரப்பதத்தால் போகும் பணத்தில் பெரும்பங்கு நிற்கும்.

மேலூரில் கால்வாயின் தலைப்பகுதி வயலுக்கும் கடைமடை வயலுக்கும் தண்ணீர் வந்து சேரும் நாளே வேறு. உங்கள் நிலம் எந்தக் கிளைக் கால்வாயில் எத்தனையாவது மடையில் இருக்கிறது, கண்மாய் வழியாகப் பாய்கிறதா நேராகப் பாய்கிறதா, அப்பா போடுவது எந்த ரகம், கடந்த மூன்று ஆண்டுகளில் நட்ட தேதியும் அறுத்த தேதியும் என்ன என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். நாளேடு வைத்திருக்க மாட்டார், ஆனால் தேதிகளைத் திருவிழாவோடு சேர்த்துச் சொல்வார், அதுவே போதும். ஆடிக்குள் அனுப்பினால், இந்த ஆண்டு நாற்றங்காலுக்கு முன் எந்த விதையை எடுத்து வைப்பது என்று உங்களோடும் அவரோடும் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.